பதினாறு படிகள் கூறும் சரித்திரம்



குடிபெயர்ந்து வந்த முன்னோரை ஒரு நாடு எவ்வாறு போற்றலாம் என்பதற்கு, மொரீசியஸ் தீவின் ஆப்ரவாசி காட் தக்க சான்றாகும். போர்ட் லூயிஸ் துறைமுகத்தருகே உள்ள அவ்விடத்தைப் பற்றி உங்களோடு சிந்திக்க விரும்புகின்றோம்.

அடிமை முறை ஒழியுந் தறுவாயில், கரும்புத் தோட்ட முதலாளிகள் வேறு ஆட்களைத் தேடினர். 1834 முதல் 1920 வரை ஏறத்தாழ 5 இலட்சம் பேர், பெரும்பாலும் இந்தியாவிலிருந்து, ஒப்பந்தத் தொழிலாளராய் அங்கு வந்திறங்கினர். சென்னையிற் கப்பலேறிய தமிழரும் அவருட் பலர். கரையிலிருந்து அவர்கள் ஏறிய 16 கற்படிகள் இன்றும் உள.

அங்கே அரண்மனையில்லை, கோபுரமில்லை. தங்கு கொட்டகை, சமையற்கட்டு, மருத்துவமனை ஆகியவற்றின் எச்சங்களே உள. அவற்றையே யுனெஸ்கோ 2006 இல் உலக மரபுரிமையாக ஏற்றது. 2014 இல் அவ்விடத்தின் வரலாற்றை விளக்கும் நூதனசாலையும் திறக்கப்பட்டது.

முன்னர் அதன் பெயர் கூலி காட். கூலி என்பது நம் மொழியில் உழைப்புக்குரிய ஊதியம். அதுவோ உழைத்த மனிதருக்கே பெயராக்கப்பட்டது. வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணும் இடப்பட்டது. ஆயினும் காலத்தின் விந்தையைப் பாருங்கள்! ஆளைக் கண்காணிக்க எழுதிய அப்பதிவேடுகளிலேதான், இன்று பேரர்கள் தம் பாட்டன் பூட்டன் பெயரையும் ஊரையும் தேடிக் காண்கின்றனர்.

துன்பத்தைக் கொண்டாடலாமோ என்று சிலர் வினவுவர். கொண்டாடப்படுவது துன்பமன்று, அதற்குள்ளும் மொழியையும் வழிபாட்டையும் பேணி, மக்களைக் கல்வியில் உயர்த்திய மன உறுதியே. நவம்பர் 2 ஆம் நாள் அத்தீவில் அவர்கள் வருகையை நினைவுகூரும் பொது விடுமுறை. அடிமைத்தளை அறுந்த பெப்ரவரி 1 ஆம் நாளும் அவ்வாறே. அடிமைகளின் எதிர்ப்பை நினைவூட்டும் லெ மோர்ன் மலையும் 2008 இல் உலக மரபுரிமையாயிற்று. தம் முன்னோரைப் போற்றுவோர் பிறர் முன்னோரின் கண்ணீரை மறைத்தல் தகாது என்பதே இதன் பாடம்.

அன்பர்களே! நம் மலைநாட்டுக் கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்து மக்கள் இவ்வாறே வந்தனர். அவர்தம் வரலாறு லயன் அறைகளில் முதியோர் நாவிலே வாழ்கின்றது. முதியோர் மறைந்தால் அதுவும் மறையும். ஆதலின், இளைஞர்களே, குறிப்பேட்டுடன் அவர்களிடஞ் செல்லுங்கள். வந்த ஊரையும் பெற்றோர் பெயரையும் கேட்டு எழுதுங்கள். நூதனசாலைக்கு முதற்கல் அதுவே.