நீலமா, ஆரஞ்சா? பால் பாக்கெட்டைத் திருப்பிப் படிப்போம்

இந்த எபிசோட்ல பால் பத்திப் பேசலாம். நேயர் ஒருத்தர் கேட்டிருந்தார்: “ரூம்ல நாலு பேர் இருக்கோம் ப்ரோ. நீல பாக்கெட் வெறும் தண்ணிப் பால்னு ஒருத்தன் சொல்றான். ஆரஞ்சு குடிச்சா தொப்பை வரும்னு இன்னொருத்தன். எதுலதான் சத்து இருக்கு?”

பதில் பாக்கெட் மேலயே அச்சடிச்சிருக்கு. ரெண்டே எண்தான். ஒண்ணு கொழுப்பு. இன்னொண்ணு எஸ்.என்.எஃப், அதாவது கொழுப்பையும் தண்ணியையும் கழிச்சா மிஞ்சுறது: புரதம், லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரை, கால்சியம் மாதிரியான தாதுக்கள். ஆவின் நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், எஸ்.என்.எஃப் 8.5. ஆரஞ்சில் கொழுப்பு 6, எஸ்.என்.எஃப் 9.

கவனிச்சீங்களா? கொழுப்பு ரெண்டு மடங்கு ஆகுது. மத்த சத்து அரை சதவீதம்தான் கூடுது. 200 மில்லி டம்ளர்னு வச்சுக்கிட்டா, எந்த நிறமா இருந்தாலும் சுமார் 6 கிராம் புரதம், சுமார் 240 மில்லிகிராம் கால்சியம். ஆரஞ்சுல கூடுதலா வர்றது 6 கிராம் கொழுப்பு, அதாவது 54 கலோரி. 2023-ல் 3.5 சதவீதக் கொழுப்போட ஊதா பாக்கெட் வந்தப்பவும் சண்டையெல்லாம் கொழுப்பைப் பத்தித்தான். காபி திக்கா இருக்கணும், தயிர் கெட்டியா உறையணும்னா ஆரஞ்சு வாங்குங்க. சத்துக்காக மட்டும்னா நீலமே போதும். ஒரே ஒரு விதிவிலக்கு: ரெண்டு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்குக் கொழுப்பும் தேவை. அங்க கொழுப்பைக் குறைக்க வேண்டாம்.

சரி, ஒரு நாளைக்கு எவ்வளவு? ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை, பாலும் தயிரும் சேர்த்து 300 மில்லி. பெரியவங்களுக்கு ஒரு நாள் கால்சியம் தேவை 1000 மில்லிகிராம். அப்போ 300 மில்லி குடிச்சாலும் மூணுல ஒரு பங்குதான் ஆகுது. மீதி சாப்பாட்டுல இருந்துதான் வரணும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கு. அதுல உடம்பு எடுத்துக்கிறது பாலைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனாலும் நல்ல கணக்குதான். முருங்கைக்கீரை, எள்ளு, முள்ளோட சாப்பிடுற நெத்திலி எல்லாம் இதே லிஸ்ட்தான்.

“நான்தான் தினமும் மூணு டீ குடிக்கிறேனே?” அதைப் பால் கணக்குல சேர்க்காதீங்க. டீயில பாதி தண்ணி. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரைன்னா, மூணு டீக்கு ஆறு ஸ்பூன், சுமார் 25 கிராம். உலக சுகாதார நிறுவனம் “இதுக்குள்ள இருந்தா நல்லது”ன்னு சொல்ற ஒரு நாள் அளவே அவ்வளவுதான். பால் குடிக்கிறோம்னு நினைச்சுக்கிட்டு நாம குடிக்கிறது பெரும்பாலும் சர்க்கரையை.

பால் குடிச்சா வயிறு உப்புசமாகுதா? லாக்டோஸைச் செரிக்கிற நொதி, வளர வளர நிறைய பேருக்குக் குறையும். தென்னிந்தியாவில் இது ரொம்ப சாதாரணம். தயிரை உறைய வைக்கிற பாக்டீரியா அந்தச் சர்க்கரையில ஒரு பங்கைத் தின்னுடும். அதனால பால் ஒத்துக்காதவங்கள்ல பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கும். கால்சியமும் புரதமும் அப்படியே இருக்கும்.

முட்டை, மீன், கறி எதுவும் தொடாதவங்க மட்டும் பாலை ஒரேயடியா நிறுத்துறதுக்கு முன்னாடி யோசிங்க. வைட்டமின் பி12-க்கு அவங்க வீட்டுச் சமையல்ல பாலையும் தயிரையும் விட்டா வேற வழி கிட்டத்தட்ட இல்லை. வீகனா மாறுறவங்க டாக்டர்கிட்ட கேட்டு பி12 மாத்திரை எடுத்துக்கணும்.

கடைசியா ஒண்ணு, இதுதான் ரொம்ப முக்கியம். பாலில் இரும்புச்சத்து கிட்டத்தட்ட இல்லை. என் அக்கா பையனுக்கு ஒன்றரை வயசு இருக்கும்போது சாப்பாட்டைக் கண்டாலே ஓடுவான். “சோறுதான் இறங்கல, பாலாவது குடிக்கட்டும்”னு நாள் முழுக்கப் பாட்டில். ஆளு கொழுகொழுன்னுதான் இருந்தான். ரத்தம் டெஸ்ட் பண்ணினா ஹீமோகுளோபின் குறைவு. டாக்டர் இரும்பு டானிக் எழுதினார், கூடவே பாலைக் குறைக்கச் சொன்னார். பால்ல வயிறு நிறைஞ்சா குழந்தைக்குப் பசிக்காது. பசிக்கலன்னா பருப்பு, கீரை, முட்டை எதுவும் உள்ள போகாது. பாலைக் குறைச்ச பிறகு, அவனே தட்டுல கை வைக்க ஆரம்பிச்சான்.

உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ பாட்டிலும் கையுமா ஒரு குட்டி இருந்தா, இந்த எபிசோடை அந்த அம்மா அப்பாவுக்கு அனுப்புங்க. பால் நல்ல உணவு, சந்தேகமே இல்லை. ஆனா அது சாப்பாட்டோட சேர்ந்து வரணும், சாப்பாட்டுக்குப் பதிலா வரக்கூடாது.

அந்த ரூம் நண்பர்களுக்கு: நீல பாக்கெட் வாங்குங்க, மிச்சமாகுற காசுக்கு முட்டை வாங்குங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்!