சயாம் ரயில் பாதைக்குப் போனவர்கள்

என் பெரியப்பா மலாயாவில் ரப்பர் தோட்டத் தொழிலாளி. 1943இல் ஜப்பானியர்கள் அவரைக் கூட்ஸ் வண்டியில் அடைத்து, சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர்; காடு, அடைமழை, அடி, காலரா. மலாயாவிலிருந்து போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள், பெரும்பாலும் பெயர் பொறித்தவை. நம் ஆட்களில் பலரை மொத்தமாகக் குழியில் போட்டு மூடினார்கள்.

பெரியப்பா இதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஆனால் தன்னோடு போய்த் திரும்பாத ஒன்பது பேரின் பெயரை, ஊரோடு, கடைசிவரை ஒப்பிப்பார். அக்கா அதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.

நம் குடியிருப்பிலும் மலாயா, பர்மா போய்வந்தவர்களின் பிள்ளைகள் இருப்பீர்கள். வீட்டில் கேட்ட பெயர்களைச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். நம் இதழில் போடலாம்.