ஹயாத்நகர் மசூதி

சீன நாட்டின் சீயான் நகரத்துப் பெரிய மசூதியை முதன்முறை காண்போர் சற்றுத் திகைப்பர். அங்கே கும்மட்டம் இல்லை. வளைந்த ஓட்டுக் கூரையும், மரத் தூண்களும், அடுத்தடுத்த முற்றங்களுமே உள்ளன. தொழுவோர் நோக்கும் மேற்குத் திசை மாறவில்லை. கட்டடமோ அந்நாட்டுக் கோலத்தை ஏற்றுக்கொண்டது. நம் தக்காணத்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. அதற்கு நாம் சார்மினார் அருகே நிற்க வேண்டுவதில்லை. ஐதராபாத்தின் கிழக்கே, விஜயவாடா செல்லும் பெருவழியில் உள்ள ஹயாத்நகருக்குச் செல்வோம்.

1591ஆம் ஆண்டில் ஐதராபாத்தை நிறுவிய முகம்மது குலி குதுப் ஷாவின் மகள் ஹயாத் பக்ஷி பேகம். 1626ஆம் ஆண்டில் அவருடைய மகன் அப்துல்லா இளவயதிலேயே அரியணை ஏறியபோது, ஆட்சிப் பொறுப்பைத் தாங்கி நின்றவர் இவ்வம்மையார். அவர் பெயரால் அமைந்த சிற்றூரே ஹயாத்நகர். இன்று அது மாநகரோடு கலந்துவிட்டது.

இங்குள்ள மசூதி உயர்ந்த மேடைமீது அமைந்தது. முகப்பில் ஐந்து வளைவுகள். இருபுறமும் இரண்டு மினார்கள். கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டி, சுதை வேலையால் அழகு செய்யும் குதுப் ஷாஹி முறையை இதில் காண்கிறோம். மசூதியைச் சூழ்ந்த விரிந்த முற்றத்தின் ஓரங்களில் வழிப்போக்கர் தங்கும் அறைகள் வரிசையாக அமைந்தன. அருகே பெரிய கிணறு ஒன்று உண்டு. மக்கள் அதனை 'ஹாத்தி பாவ்லி', அதாவது ஆனைக் கிணறு என்பர்.

இவை ஏன் ஒருங்கே அமைந்தன? கோல்கொண்டா நாட்டின் துறைமுகம் மசூலிப்பட்டினம். அத்துறையை நோக்கிச் செல்லும் வணிகனுக்கும் வண்டிக்காரனுக்கும் முதலில் வேண்டியவை நீரும் நிழலும் இரவில் ஒதுங்க ஓர் இடமும் ஆகும். நம் தமிழகத்துப் பெருவழிகளில் கோயிலும் குளமும் சத்திரமும் சேர்ந்து நின்றதை நினைவுகூர்ந்தால் இவ்வமைப்பு நமக்குப் புதிதாகத் தோன்றாது.

ஆகவே, மினார்களை மட்டும் செப்பனிட்டு, அறைகளையும் கிணற்றையும் கைவிடுவோமாயின், நாம் காப்பது பாதி வரலாறே. தொழுத கைகளின் கதை எஞ்சும்; தாகம் தீர்ந்த கைகளின் கதை மறையும். இரண்டையும் ஒருசேரக் காப்பதே அந்த அம்மையாரின் பெயருக்கு நாம் செய்யும் சிறப்பாகும்.