அம்மா ஏற முடியாத டிரக்: குடும்பத்துக்குப் பழைய பிக்கப் தேடின கதை

இன்னைக்கு கோடிங் இல்ல, இன்டர்வியூ டிப்ஸும் இல்ல. ஒரு வண்டி வாங்கின கதை. கொஞ்சம் கணக்கு வரும், கொஞ்சம் துரு வரும், நடுவுல எங்க அம்மா வருவாங்க.

நான் டெக்சஸ்ல, டாலஸ் பக்கத்துல இருக்கேன்னு பழைய நேயர்களுக்குத் தெரியும். இந்த ஊர்ல சிக்னல்ல நின்னா முன்னாடி ஒரு பிக்கப், பின்னாடி ஒரு பிக்கப், பக்கத்துல ஒண்ணு. நாலு வருஷம் அதையே பார்த்துட்டு இருந்தா யாருக்குத்தான் ஆசை வராது? எனக்கும் வந்துச்சு. ஆனா வீட்ல இருந்தது ஒரே ஒரு பழைய சிடான். ஒன்றரை வயசுக் குழந்தை. அம்மாவும் அப்பாவும் ஊர்ல இருந்து வந்து ஆறு மாசம் தங்கியிருந்தாங்க. அதனால புதுசா வர்ற வண்டி ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுச் சாமானா இருக்க முடியாது. தினமும் டேகேர், ஆபீஸ், கடை, கோயில்னு ஓடணும்.

பிக்கப் தேவையா, ஆசையா?

இந்தக் கேள்வியை என் மனைவி கேட்டாங்க. நான் இன்ஜினியர் ஆச்சே, உடனே ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன். போன 12 மாசத்துல எத்தனை தடவை ஒரு டிரக்கை வாடகைக்கு எடுத்தேன், இல்ல நண்பர்கிட்ட கடன் வாங்கினேன்னு எழுதினேன். எனக்கு மரவேலை பழக்கம் உண்டு, அதனால பிளைவுட் வாங்க ஆறு தடவை. தோட்டத்துக்கு மண், உரம் ஏத்த மூணு தடவை. தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கு மேசை, நாற்காலி, பாத்திரம்னு ரெண்டு தடவை. நண்பர்கள் வீடு மாத்தினது மூணு தடவை. மொத்தம் 14.

உங்க கணக்குல இது மூணோ நாலோதான் வருதுன்னா, இந்த எபிசோடை இங்கேயே நிறுத்திடுங்க. வாடகை டிரக் போதும், நிஜமா. மீதி நாள் முழுக்க காலிப் பெட்டியைச் சுமந்துகிட்டு பெட்ரோல் எரிக்க வேண்டியதில்லை.

"மினிவேன் ஏன் வேண்டாம்?"னு அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். அஞ்சு பேர் குடும்பத்துக்கு மினிவேனை விட வசதியான வண்டி கிடையாது. ஆனா பிளைவுட் ஏத்தணும்னா குழந்தை சீட்டைக் கழற்றணும், பின் சீட்டையும் எடுக்கணும். ஈர மண்ணை உள்ளே கொட்டினா அந்த வாசனை மாசக்கணக்குல போகாது. 14 தடவை அதைப் பண்ண எனக்குப் பொறுமை இல்ல.

பெரிய பிக்கப் ஏன் இல்லன்னா, கராஜ். நாலு கதவு ஃபோர்டு எஃப்-150 ஏறத்தாழ 232 அங்குல நீளம். என் கராஜ் ஆழம் 20 அடி, அதாவது 240 அங்குலம். அதுலயும் சுவரோரமா என் மரவேலை மேசை நிக்குது. நடுத்தர பிக்கப் 210, 212 அங்குலம். அதனால பட்டியல்ல அஞ்சு பேர் வந்தாங்க: டொயோட்டா டகோமா, நிசான் ஃப்ரன்டியர், செவர்லே கொலராடோ, ஃபோர்டு ரேஞ்சர், ஹோண்டா ரிட்ஜ்லைன்.

ஸ்ப்ரெட்ஷீட்ல இல்லாத காலம்

ஸ்ப்ரெட்ஷீட்ல குதிரைசக்தி இருந்துச்சு, மைலேஜ் இருந்துச்சு, விலை, ஓடின தூரம், இழுவைத் திறன் எல்லாம் இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணு இல்ல. பின் சீட்ல உட்காரப் போறது யாருங்கிற காலம்.

முதல்ல ஒரு டகோமா. விலை நல்லா குறைவா இருந்துச்சு. போய்ப் பார்த்தா ஆக்சஸ் கேப். அதாவது பின்னாடி சின்னக் கதவு, அதுவும் முன் கதவைத் திறந்தாத்தான் திறக்கும், உள்ளே பேருக்கு ரெண்டு குட்டி சீட். விளம்பரத்துல "4 பேர் அமரலாம்"னு போட்டிருந்தாங்க. அமரலாம், பக்கத்துத் தெரு வரைக்கும். ஃப்ரன்டியர்ல இதே மாதிரி வகைக்கு கிங் கேப்னு பேரு. குழந்தை இருக்கிற வீட்டுக்கு நாலு முழுக் கதவு வேணும். இதைத் தேடும்போதே ஃபில்டர்ல போட்டுடுங்க, பாதி நேரம் மிச்சம்.

அடுத்தது நாலு கதவு டகோமா. இந்தத் தடவை குழந்தை சீட்டைக் கையோட எடுத்துட்டுப் போனேன். ஒன்றரை வயசுக் குழந்தை பின்பக்கம் பார்த்து உட்காரும், அதனால அந்த சீட்டுக்கு நீளமா இடம் வேணும். மாட்டினோம், மாட்டுச்சு. ஆனா முன் சீட்டை நல்லா முன்னாடி தள்ள வேண்டியதாயிடுச்சு. என் மனைவி என்னை விட உயரம். அவங்க உட்கார்ந்ததும் முழங்கால் போய் டாஷ்போர்டுல இடிச்சது. திரும்பி ஒரு பார்வை பார்த்தாங்க, அவ்வளவுதான்.

அப்புறம் அம்மா. அவங்களுக்கு முழங்கால் வலி ரொம்ப வருஷமா உண்டு. கட்டியிருந்தது புடவை. அந்த வண்டி கரடுமுரடு பாதைக்குன்னே உயரமா செஞ்ச மாடல். அம்மா கதவுக் கைப்பிடியைப் பிடிச்சாங்க, ஒரு காலைத் தூக்கினாங்க, இறக்கினாங்க. இன்னொரு தடவை முயற்சி பண்ணாங்க. அப்புறம் சிரிச்சுக்கிட்டே, "நல்லாத்தான்டா இருக்கு, இதையே வாங்கு. வெளிய போகணும்னா நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்ல இருந்துக்குறேன்"னாங்க.

அங்க வெச்சு எனக்கு ஒண்ணும் தோணல. "படி ஒண்ணு மாட்டிக்கலாம்மா"ன்னு சொல்லிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் அந்த வரி திரும்பத் திரும்ப வந்துச்சு. அம்மா எதையும் புகார் பண்ண மாட்டாங்க. "இந்த வண்டி எனக்கு ஒத்துவராது"ன்னு சொல்லவே மாட்டாங்க. கோயிலுக்கு ஒரு தடவை வர மாட்டாங்க, ஏரிக்கு ஒரு தடவை வர மாட்டாங்க, அப்புறம் எங்கேயுமே வர மாட்டாங்க. ஆறு மாசம் மகன் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துட்டு ஊருக்குப் போவாங்க. அதுக்குக் காரணம் நான் ஆசைப்பட்ட ஒரு டயர் சைஸ்.

அன்னைக்கு ஸ்ப்ரெட்ஷீட்ல புதுசா ஒரு காலம் சேர்த்து, அதையே முதல் காலமா வெச்சேன். இந்த வண்டியைப் பார்த்து வீட்ல யாராவது "நீங்க போயிட்டு வாங்க"ன்னு சொல்லுவாங்களா? ஆமான்னா, அந்த வரிசையை அழிச்சிடு.

அடியில என்ன இருக்கு?

பெரும்பாலான பிக்கப்புகள் ஏணி மாதிரி ஒரு இரும்புச் சட்டத்து மேல உடம்பைத் தூக்கி வெச்சுச் செஞ்சது. பின்னாடி லாரி மாதிரி பட்டை பட்டையா லீஃப் ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் சுமைக்குன்னு இறுக்கமா வெச்சது. பெட் காலியா இருக்கும்போது பின்பக்கம் துள்ளும், அந்தத் துள்ளல் பின் சீட்ல இருக்கிறவங்களுக்குத்தான் அதிகமாத் தெரியும்.

ரிட்ஜ்லைன் வேற ஜாதி. சட்டமும் உடம்பும் ஒண்ணாச் சேர்ந்த கார் மாதிரி கட்டுமானம், பின் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன். தரை தாழ்வு. அம்மா ஒரு கையால பிடிச்சுக்கிட்டு, ஒரே முயற்சியில ஏறி உட்கார்ந்தாங்க. பின் சீட்டின் அடிப்பகுதியை மேல மடக்கினா ஸ்ட்ரோலர் நிக்கும். பெட்டுக்கு அடியில பூட்டு வெச்ச ஒரு டிக்கி இருக்கு. மழையில மளிகைப் பை நனையாது, பிரேக் போட்டா தக்காளி உருண்டு ஓடாது. தினசரி வாழ்க்கையில பிக்கப்போட பெரிய தொல்லையே இந்த ரெண்டும்தான்.

பிளைவுட் விஷயத்துலயும் எனக்கு ஆச்சரியம். பலகை அகலம் 48 அங்குலம். ரிட்ஜ்லைன் பெட்ல சக்கர மேடுகளுக்கு நடுவுல 50 அங்குலம். பலகை தட்டையாப் படுக்கும். டகோமா, ஃப்ரன்டியர்ல அந்த இடைவெளி 48-க்குக் குறைவு, மேடு மேலதான் வைக்கணும்.

குறையும் சொல்லணும்ல. ஸ்டெப்னி டயர் அந்த டிக்கிக்குள்ளதான் இருக்கு. பெட் நிறைய மண் ஏத்தியிருக்கும்போது பஞ்சர் ஆனா, மண்ணை இறக்கிட்டுத்தான் டயரை எடுக்கணும். இழுவைத் திறன் ஆல் வீல் டிரைவ்ல 5,000 பவுண்டு, அவ்வளவுதான். பெரிய படகு இழுக்கிறவங்க, நிஜமாவே மலைப் பாதை ஏறுறவங்க டகோமா பக்கம் போறதுதான் சரி.

டிரைவர் கதவுல ஒரு ஸ்டிக்கர்

எந்த டிரக் பார்த்தாலும் டிரைவர் கதவைத் திறந்து, தூண்ல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் படிங்க. ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல போகக் கூடாதுன்னு போட்டிருக்கும். ஒரே மாடல்லயே வண்டிக்கு வண்டி மாறும், அதனால இன்டர்நெட்ல இருக்கிற நம்பரை நம்பாதீங்க.

நான் பார்த்த ஒரு டிரக்ல 1,080 பவுண்டு. நான் 170, மனைவி 140, அப்பா 160, அம்மா 150, குழந்தையும் சீட்டும் 40. மொத்தம் 660. மீதி 420. கடையில விக்கிற 80 பவுண்டு கான்கிரீட் மூட்டை அஞ்சு வெச்சா 400, முடிஞ்சது கதை. பார்க்க மலை மாதிரி இருக்கிற டிரக், குடும்பத்தோட போனா அஞ்சு மூட்டைதான்.

துரு, ரேடியேட்டர், பெல்ட்

ஒரு டகோமா கிட்டத்தட்ட அட்வான்ஸ் கொடுக்கிற நிலைக்கு வந்துட்டேன். கறுப்புப் பெயின்ட் அடிச்ச அடிப்பாகம் பளபளன்னு இருந்துச்சு. வண்டி வரலாற்று அறிக்கையை எடுத்தா, மிச்சிகன்ல பல வருஷம் ஓடின வண்டி. அங்க குளிர்காலத்துல ரோட்ல உப்பு போடுவாங்க, உப்பு இரும்பைத் தின்னும். மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரால சட்டத்தைக் குத்தினார். பெயின்டுக்குப் பின்னாடி பொடிப் பொடியாக் கொட்டுச்சு. வித்தவர் ஒண்ணும் பேசல, நானும் பேசாம வந்துட்டேன்.

2005-லிருந்து 2010 வரை வந்த டகோமாக்களோட சட்டத் துரு அமெரிக்காவுல நீதிமன்றம் வரைக்கும் போய், 2016-ல சமரசமாச்சு. அந்த வருஷ வண்டின்னா சட்டம் மாத்தினதுக்கு ரசீது கேளுங்க. அதே காலத்து ஃப்ரன்டியர்னா ரேடியேட்டரைக் கேளுங்க. அது உள்ளுக்குள்ள உடைஞ்சா கூலன்ட் போய் கியர்பாக்ஸ் எண்ணெயில கலக்கும், கியர்பாக்ஸே போயிடும். ரிட்ஜ்லைன்னா டைமிங் பெல்ட். சுமார் ஒரு லட்சம் மைல்ல மாத்தணும், வாட்டர் பம்ப்பையும் சேர்த்தே மாத்துவாங்க. மாத்தலன்னா அந்தச் செலவை விலையில கழிக்கச் சொல்லுங்க.

டெக்சஸ்ல இருக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். 2025 ஜனவரி 1-லிருந்து சொந்த உபயோக வண்டிகளுக்கு வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனை இங்க கிடையாது. டாலஸ் பக்கம் புகைச் சோதனை மட்டும் உண்டு. அதனால "இன்ஸ்பெக்ஷன் பாஸ்"னு யாராவது சொன்னா அது பிரேக்குக்கு உத்தரவாதம் இல்ல. உங்க காசுல, உங்க மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க. ரீகால் ஏதாவது பாக்கி இருக்கான்னு அரசாங்கத்தோட என்ஹெச்டிஎஸ்ஏ தளத்துல வின் நம்பர் போட்டா இலவசமாத் தெரியும்.

அறுபது நாள் கணக்கு

இதைப் பத்தி யாரும் வெளிப்படையாப் பேசுறதில்லை, நான் பேசிடுறேன். நான் ஹெச்-1பி விசாவுல இருக்கேன். வேலை போனா அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதுக்குள்ள வேற வேலையோ வேற வழியோ கிடைக்கலன்னா பெட்டி கட்டணும். அப்போ இந்த வண்டியை அவசரமா விக்கணும்.

இந்தக் கணக்குல டகோமாதான் ஜெயிக்குது. பழசானாலும் விலை இறங்காத வண்டி, வாங்க ஆள் ரெடியா இருப்பாங்க. அப்பாவும் அதையே சொன்னார்: "விக்கும்போது கஷ்டப்படக் கூடாதுப்பா." ரெண்டு நாள் யோசிச்சேன். நடக்கலாம், நடக்காமலும் போகலாம்ங்கிற அந்த ஒரு நாளுக்காக, நிச்சயமா நடக்கப் போற மத்த எல்லா நாளையும் அம்மா வீட்ல கழிக்கணுமா? அதனால வேற வழி பண்ணேன். கடன் வாங்கல. கையில இருந்த காசுக்குள்ளயே 2019 ரிட்ஜ்லைன், 71,000 மைல், டெக்சஸ்லயே ஓடின வண்டி. அவசரத்துல வித்தா கொஞ்சம் நஷ்டம் வரும். ஆனா பேங்குக்குப் பாக்கின்னு ஒண்ணு இருக்காது.

வாங்கி ஏழு மாசம் ஆச்சு. கேலனுக்கு 20 மைல் சுத்தி கொடுக்குது, சிடானை விட மோசம்தான், மறைக்கல. பெல்ட் மாத்த தனியா காசு எடுத்து வெச்சிருக்கேன். சிக்னல்ல பக்கத்துல உயரமான டகோமா வந்து நின்னா இன்னமும் திரும்பிப் பார்க்கிறேன்.

அம்மாவும் அப்பாவும் போன மாசம் ஊருக்குத் திரும்பினாங்க. ஏர்போர்ட் போற வழியில அம்மா ஜன்னலோரம், நடுவுல குழந்தை, அந்தப் பக்கம் என் மனைவி. நாலு பெரிய பெட்டி பெட்ல, கைப்பை எல்லாம் டிக்கியில. இறங்கும்போது அம்மா கதவைத் தட்டிட்டு, "வண்டி பரவால்லடா"ன்னாங்க. எங்க அம்மாகிட்ட இருந்து அது ஃபைவ் ஸ்டார் ரேட்டிங்.

நீங்க வண்டி பார்க்கப் போகும்போது குழந்தை சீட்டையும், வீட்ல ஏறி இறங்கக் கஷ்டப்படுறவங்களையும் கூட்டிட்டுப் போங்க. டெஸ்ட் டிரைவ்ல ஒரு பத்து நிமிஷம் நீங்க பின் சீட்ல உட்காருங்க. மீதியை அப்புறம் பார்த்துக்கலாம்.