ஓடுகிற கால்களும் போய்ச் சேருகிற பணமும்

(இரும்பையில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இரும்பைக்கு வந்து உடம்பை வருத்திச் செய்யும் சாதனைகளைப் பற்றிப் பேசணும்னா, கடுவெளிச் சித்தரை விட்டுட்டுப் பேச முடியாது. உங்க ஊர்ப் பெரியவர்கள் சொல்கிற கதைதான். சித்தர் மரத்தடியில் தவத்தில் உட்கார்ந்தார். மேனி மேலே புற்று வளர்ந்தது. உதிர்ந்து கையில் விழுகிற இலைதான் உணவு. ஆனால் ஊரில் மழை பொய்த்தது. அவருடைய தவத்தின் வெம்மைதான் காரணம் என்று அரசன் நினைத்தான். கோயிலில் ஆடும் பெண் ஒருத்தி போய், இலைக்குப் பதிலாக அவர் கையில் அப்பளத்தை வைத்து, மெல்ல மெல்ல அவரை எழுப்பினாள். மகாகாளேசுவரர் கோயிலில் பிளந்த லிங்கத்தைச் செப்புப் பட்டை போட்டுக் கட்டியிருப்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கதையின் மிச்சம் அங்கே இருக்கிறது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஒருவர் தன் உடம்பை எவ்வளவு வருத்திக்கொண்டாலும், ஊருக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் ஊர் வந்து கேட்கும். "உன் தவத்தால் எங்களுக்கு என்ன?" என்கிற அந்தக் கேள்விதான் இன்றைக்கு நாம் பேசப்போகிற விஷயம்.

நற்பணிக்கு நிதி திரட்டுவதற்காக மராத்தான் ஓடுகிறார்கள், கடலில் நீந்துகிறார்கள், நாட்கணக்கில் சைக்கிள் மிதிக்கிறார்கள். வெளிநாட்டுப் பழக்கம் என்று தோன்றலாம். ஆனால் உங்க அப்பா, தாத்தாவைக் கேட்டுப் பாருங்க. ஊர்த் திடலில் ஒருவர் இரவு பகலாகக் கீழே இறங்காமல் சைக்கிள் சுற்றுவார். சாப்பாடு, குளியல் எல்லாம் சைக்கிள் மேலேயே. மைக் செட்டில் பாட்டு ஓடும். பார்க்க வந்தவர்கள் ரூபாய் நோட்டை ஊக்கில் குத்திச் சட்டையில் மாட்டுவார்கள். அந்தப் பணம் அவருடைய குடும்பத்தின் வயிற்றுக்குப் போனது. உடம்பின் தாக்குப்பிடிக்கும் சக்தியைப் பார்த்து மனிதர்கள் பையில் கை விடுவார்கள் என்பது நமக்குப் புதிதல்ல. பழநிக்கு நடப்பவருக்கு வழியெல்லாம் மோர்ப் பந்தல் வைக்கிற மக்கள் நாம்.

அந்தச் சக்தியைத் தனக்காக இல்லாமல் அடுத்தவருக்காகத் திருப்பிவிட்டவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் கனடாவின் டெரி ஃபாக்ஸ். எலும்புப் புற்றுநோயால் 1977-இல் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அப்போது வயது 18. மருத்துவமனையில் தன்னைச் சுற்றிப் படுத்திருந்த பிள்ளைகளை அவரால் மறக்க முடியவில்லை. 1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலை அட்லாண்டிக் கடலில் நனைத்துவிட்டு ஓட ஆரம்பித்தார். கனடாவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கடப்பது திட்டம். தினமும் ஏறத்தாழ ஒரு முழு மராத்தான், அதாவது 42 கிலோமீட்டர். ஆரம்பத்தில் சாலையோரம் நின்று பார்க்கக்கூட ஆள் இல்லை. போகப் போகக் கூட்டம் சேர்ந்தது. 143 நாட்கள், 5,373 கிலோமீட்டர் ஓடிய பிறகு, செப்டம்பர் 1 அன்று நுரையீரலுக்கு நோய் பரவியதால் நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் இறந்துபோனார். வயது 22.

அவர் கேட்டது கனடாவில் தலைக்கு ஒரு டாலர். அன்றைய மக்கள் தொகை சுமார் 2.4 கோடி. அவர் உயிரோடு இருக்கும்போதே, 1981 பிப்ரவரியில், அந்தத் தொகை சேர்ந்துவிட்டது. இன்றும் அவர் பெயரில் பல நாடுகளில் ஓட்டம் நடக்கிறது. சென்னை ஐஐடி வளாகத்திலும் நடந்திருக்கிறது. தன் ஓட்டத்தை வைத்து எந்த நிறுவனமும் விளம்பரம் தேடக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். கொடுத்த ஒரு டாலர் எங்கே போகிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்றுதான் அப்படி நின்றார்.

இப்போ இன்னொரு பக்கத்தையும் பாருங்க. 2020-இல் கொரோனா ஊரடங்கு. இங்கிலாந்தில் டாம் மூர் என்கிற முன்னாள் ராணுவ வீரர், நூறாவது பிறந்தநாளுக்கு முன் தன் வீட்டுத் தோட்டத்தை 100 சுற்று நடப்பதாக அறிவித்தார். கையில் நடைவண்டி. எதிர்பார்த்தது 1,000 பவுண்டு. வந்து சேர்ந்தது 3 கோடி பவுண்டுக்கும் மேல். அந்தப் பணம் பொதுச் சுகாதாரப் பணிகளுக்கான அறநிதிக்கு முறையாகப் போனது. அதில் குறை இல்லை. ஆனால் பின்னால் அவர் பெயரில் குடும்பத்தினர் தொடங்கிய தனி அறக்கட்டளையை அந்நாட்டு அறக்கட்டளை ஆணையம் விசாரித்தது. அறக்கட்டளையின் பெயரைக் கொண்டு குடும்பத்தினர் சொந்தப் பலன் அடைந்தார்கள் என்று 2024 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. பெரியவர் நடந்தது உண்மை. மக்கள் கொடுத்ததும் உண்மை. இருந்தும் அந்த நல்ல பெயரில் கறை விழுந்துவிட்டது. கணக்கு சரியாக இல்லாவிட்டால் நடந்த காலுக்கும் மதிப்பு போய்விடும்.

நம் மாநிலத்திலும் உதாரணம் உண்டு. 2023 ஆகஸ்ட் 6 அன்று சென்னையில் நடந்த கலைஞர் நினைவு பன்னாட்டு மராத்தானில் 73,206 பேர் பங்கேற்றது கின்னஸ் சாதனை ஆனது. பதிவுக் கட்டணமாகச் சேர்ந்த 3 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகை, அரசு மருத்துவமனையில் நோயாளிகளோடு வருபவர்கள் தங்குவதற்கான விடுதி கட்ட வழங்கப்பட்டது. நோயாளிக்குக் கட்டில் கிடைக்கும், கூட வந்தவர் எங்கே படுப்பார்? மருத்துவமனை வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்தவர்களுக்கு அந்தக் கட்டடத்தின் அருமை தெரியும்.

சரி, நீங்க கேட்கலாம்: "எங்க ஊரில் ஒருத்தருக்கு ஆபரேஷன். நாங்க பத்து பேர் மரக்காணம் வரை ஓடிப் பணம் திரட்டலாமா?" தாராளமா ஓடலாம். ஆனால் ஓடுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்க. அந்தச் செலவை ஏற்க ஏற்கெனவே வழி இருக்கிறதா?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார், இவ்வளவுதான் அடிப்படை. ஒருவருடைய உரிமையாக வாங்க வேண்டியதை, அட்டை எடுக்காத காரணத்தால் ஊர் முழுக்கக் கையேந்தி வாங்கினால் அது அவருக்கும் நல்லதில்லை, கொடுப்பவர்களுக்கும் நல்லதில்லை. திட்டத்துக்குள் வராத செலவு, வேலையிழந்த மாதங்களின் வீட்டுச் செலவு, வெளியூர் போய்வரும் செலவு, இவற்றுக்காக ஓடுங்க. அப்போ உங்க ஓட்டம் உண்மையான பள்ளத்தை நிரப்பும்.

ஊர்ப் பள்ளிக்காக ஓட விரும்பினால், 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டம் 2022 டிசம்பரிலிருந்து இருக்கிறது. அரசுப் பள்ளிக்கு என்ன தேவை என்று பார்த்து, அதற்கென்றே நன்கொடை தரலாம். பேரிடர் உதவிக்கு முதலமைச்சரின் பொது நிவாரண நிதி இருக்கிறது. பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு, அதற்குத் தரும் தொகைக்கு முழு வரிவிலக்கு உண்டு. தனியார் அறக்கட்டளை என்றால் அது பதிவு பெற்றதா, நன்கொடைக்கான வரிச்சலுகைச் சான்று இருக்கிறதா என்று பாருங்க. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது. பக்கத்தில் ஆரோவில் இருப்பதால் இதையும் சொல்லணும்: வெளிநாட்டவர் தரும் நன்கொடையை நம்ம இஷ்டத்துக்கு வாங்கிவிட முடியாது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ பெற்றவர்கள் மட்டுமே வாங்கலாம்.

பணத்தை ஒருவருடைய சொந்தக் கைப்பேசி எண்ணுக்கு அனுப்பச் சொல்லாதீங்க. நண்பர்தான், நல்லவர்தான். நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் அந்த நல்லவர்தான் தலைகுனிவார். தனிக் கணக்கு வையுங்க, இருவர் கையெழுத்து போடுங்க. வரவு, செலவு இரண்டையும் அடுத்த கிராம சபையில் எழுந்து வாசியுங்க. ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. யாரும் கேட்கும் முன்பே கணக்கைச் சொல்லிவிட்டால், அடுத்த முறை நீங்க ஓடும்போது ஊரே கூட வரும்.

ஆவணம் பற்றியும் ஒரு வார்த்தை. பஞ்சாபில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய ஃபவுஜா சிங், 89-ஆவது வயதில் லண்டன் மராத்தான் ஓடினார். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கான அமைப்புக்கு நிதி திரட்டினார். 2011-இல் நூறு வயதில் டொரண்டோவில் முழு மராத்தானை முடித்தார். ஆனால் கின்னஸ் அதை ஏற்கவில்லை. காரணம், பிறப்புச் சான்றிதழ் இல்லை. நூறு வயதில் 42 கிலோமீட்டர் கடந்த மனிதரால் அந்த ஒரு காகிதத்தைக் கடக்க முடியவில்லை. உங்க வீட்டுக் குழந்தையின் பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் கிடையாது. தயவுசெய்து தள்ளிப்போடாதீங்க.

இனி உடம்பு. கடற்கரை வெயிலும் புழுக்கமும் சேர்ந்தால் வியர்வை காயாது, உடம்புச் சூடு இறங்காது. விடியுமுன் ஓடி முடியுங்க. தாகம் எடுக்காமலேயே தண்ணீரைக் குடித்துக்கொண்டே போவதும் ஆபத்து. ரத்தத்தில் உப்பின் அளவு இறங்கிவிடும். 2002 பாஸ்டன் மராத்தானில் 488 பேரைப் பரிசோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு அப்படி இறங்கியிருந்தது. மயக்கம், வலிப்பு வரை போகும். தாகத்துக்கு ஏற்பக் குடியுங்க. உப்பு போட்ட மோரும் நீராகாரமும் நம் வீட்டிலேயே இருக்கின்றன. சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்துக்கொள்ளாமல் இறங்க வேண்டாம். புதியவர்கள் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின் 8 கிலோமீட்டர் நடைபாதையில் தொடங்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் பறக்கும். காவல் துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்க. வழியில் யாராவது விழுந்தால் 108.

கடைசியாக ஒன்று. நீங்க மரக்காணம் நோக்கி ஓடினால் இரண்டு பக்கமும் உப்பளம். அங்கே பாத்தியில் நின்று உப்பு வாருபவர்களைப் பார்ப்பீங்க. காலடியில் உப்பு நீர், தலைக்கு மேல் வெயில், கீழே வெள்ளையில் பட்டுத் திரும்பும் கூச்சம். அவர்கள் செய்வதும் தாக்குப்பிடிக்கும் வேலைதான். அதற்குப் பதக்கமும் இல்லை, புகைப்படமும் இல்லை. மழைக்காலத்தில் அந்த வேலையும் நின்றுவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலையில்லாத அந்த நாட்களுக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் அரசு தருகிறது. அது கிடைக்கப் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும்.

அதனால் உங்களிடம் ஒரு கோரிக்கை. முதல் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கப் போகும் நாட்களிலேயே, நாலு பேர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போங்க. காப்பீட்டு அட்டை இல்லாதவர் யார், நல வாரியத்தில் பதியாதவர் யார், நிவாரணப் பட்டியலில் விடுபட்டவர் யார் என்று கேட்டு எழுதுங்க. அவர்களை இ-சேவை மையம் வரைக்கும் கூட்டிப் போங்க. பிறகு மீதியிருக்கும் தேவைக்குப் பணம் திரட்ட ஓடுங்க. எந்த வீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்பது அப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்.