சேனாபதி கொடுக்காத விலை

1996 மே மாதம் 'இந்தியன்' திரைப்படம் வெளியானது. இரண்டாம் பாகம் 2024 ஜூலை 12 அன்று வந்தது. இருபத்தெட்டு ஆண்டு காத்திருந்த கூட்டம் மூன்று மணி நேரப் படத்தைப் பார்த்துவிட்டு முகம் வாடி வெளியே வந்தது. சில நாட்களிலேயே பன்னிரண்டு நிமிடத்தை வெட்டி எடுத்தார்கள். அந்த ஏமாற்றத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம், "இவர்கள் பழசையே பிடித்துத் தொங்குகிறவர்கள், எதைக் கொடுத்தாலும் திருப்திப்பட மாட்டார்கள்" என்று ரசிகனின் வாயை அடைத்துவிடுகிறார்கள். அதை நான் மறுக்க வந்திருக்கிறேன். ரசிகனின் கோபத்துக்கான காரணம் அந்த இரண்டு படங்களுக்குள்ளேயே இருக்கிறது. முதல் படத்தில் நீதி சொன்ன மனிதன் அதற்கான விலையைத் தன் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தான். இரண்டாவது படத்தில் அதே மனிதன் அந்த விலையை ஊரார் தலையில் கட்டுகிறான்.

முதல் படத்தைக் கொஞ்சம் நிதானமாக நினைத்துப் பாருங்கள். தீக்காயங்களோடு துடிக்கும் மகள் கஸ்தூரியைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனை வாசலில் நிற்கிறார் படத்தின் நாயகன் சேனாபதி. கையூட்டு கொடுத்தால் மகள் பிழைப்பாள். கொடுக்க மறுக்கிறார், மகள் செத்துப் போகிறாள். பின்னாளில் அந்த மருத்துவரைத் தொலைக்காட்சி கேமரா முன்னால் நிறுத்தி, நாடே பார்க்கக் கொல்கிறாரே, அந்தக் காட்சியில் அரங்கமே ஆர்ப்பரித்தது. கத்தியைப் பார்த்து வந்த ஆரவாரம் என்றா நினைக்கிறீர்கள்? பிணமாய்க் கிடந்த மகளைப் பார்த்துவிட்டதால்தான் அந்தக் கை உயர்வதற்கு நாம் அனுமதி கொடுத்தோம். அதோடு படம் நிற்கவில்லை. மகன் சந்துரு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் இடைத்தரகனாக இருந்து, பிறகு அதே துறைக்குள் வேலைக்குப் போகிறான். பிரேக் சரியில்லாத பேருந்துக்குக் காசு வாங்கிக்கொண்டு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றிதழ் கொடுக்கிறான். பள்ளிப் பிள்ளைகள் சாகிறார்கள். மருத்துவருக்கு ஒரு நீதி, மகனுக்கு ஒரு நீதியா என்ற கேள்வி அங்கே வந்து நிற்கிறது. தகப்பன் மகனைக் கொல்கிறான். தகப்பனாகவும் மகனாகவும் நடித்தது ஒரே கமல்ஹாசன். கொல்கிறவன் முகமும் சாகிறவன் முகமும் ஒன்று! அந்த நடிப்புக்குத்தான் அந்த ஆண்டின் தேசிய விருது வந்தது. மகளையும் மகனையும் தன் கொள்கைக்குப் பறிகொடுத்தவன் பேசியதால்தான் அவன் பேச்சுக்கு எடை இருந்தது.

இரண்டாம் பாகத்தில் சேனாபதி கொல்வது அவருக்கு முன்பின் தெரியாத பணக்காரர்களை. அவர்களால் அவர் எதையும் இழந்தவர் இல்லை. முதல் படத்தில் இரண்டு விரல் மடிந்து நரம்பைத் தொட்டால் ஆள் அப்படியே உறைந்து நிற்பான். பார்க்கிற நமக்கும் மூச்சு நிற்கும். இப்போதோ ஒருவன் குதிரையைப் போல ஓடி ஓடிச் சாகிறான். தண்டனை வேடிக்கையாகிவிட்ட இடத்தில் நமக்குக் கோபமும் வருவதில்லை, பயமும் வருவதில்லை. நூறு வயது தாண்டியவர் எப்படிச் சண்டை போடுகிறார் என்று பலர் கேட்டார்கள். எனக்கு அது பெரிய கேள்வியே இல்லை. சேனாபதி ஒரு கற்பனை. கற்பனைக்கு வயதுக் கணக்கு பார்க்க வேண்டியதில்லை.

என் ஆதங்கம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தப் படத்துக்குள் ஓர் அருமையான கதை புதைந்து கிடக்கிறது. அவரவர் வீட்டை அவரவர் சுத்தம் செய்யுங்கள் என்கிறார் சேனாபதி. அதைக் கேட்டு, சித்ரா அரவிந்தன் என்கிற இளைஞன் ஊழல் ஒழிப்புத் துறையில் வேலை பார்க்கும் தன் தகப்பனாரையே காட்டிக்கொடுக்கிறான். அவமானம் தாங்காமல் தாய் உயிரை விடுகிறாள். 1996இல் தகப்பன் மகனைத் தண்டித்தான், 2024இல் மகன் தகப்பனைத் தண்டிக்கிறான். ஒரு இரண்டாம் பாகத்துக்கு இதைவிடப் பொருத்தமான கரு கிடைக்குமா? தாயைப் பறிகொடுத்த அந்தப் பிள்ளையின் எதிரில் சேனாபதி வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். "நீங்கள் சொன்னதைச் செய்தேன், எனக்கு என்ன மிச்சம்?" என்று அவன் கேட்டிருக்க வேண்டும். மகளையும் மகனையும் இழந்த அந்தக் கிழவரிடம் அதற்கு ஒரு பதில் இருந்திருக்கும். உலகத்திலேயே அந்தப் பதிலைச் சொல்லத் தகுதியுள்ளவர் அவர் ஒருவர்தான். படமோ அவரை ஒற்றைச் சக்கர வண்டியில் ஏற்றித் துரத்தல் காட்சிக்கு அனுப்பிவிட்டது.

நாடு இந்த இருபத்தெட்டு ஆண்டில் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. 2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, லஞ்சம் கொடுப்பதையே நேரடிக் குற்றமாக்கினார்கள். கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் மட்டுமே விலக்கு. மகள் உயிருக்காகக்கூடக் கொடுக்க மாட்டேன் என்று நின்ற மனிதரின் கதைக்கு இதைவிட நெருக்கமான செய்தி ஏது? வாங்குகிறவனைக் கொன்று பழகியவர், கொடுக்கிற நம்மை என்ன செய்வார்? சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் கவர் நீட்டுகிற கை நம்முடையதுதானே. அந்தக் கேள்வியோடு சேனாபதி திரும்பி வந்திருந்தால் நாம் கைதட்டியிருக்க மாட்டோம், தலைகுனிந்திருப்போம். அப்படித் தலைகுனிய வைக்கிற படத்துக்காகத்தான் காத்திருந்தோம்.

முதல் படத்திலும் பாட்டுக்குக் கோடி கோடியாய்க் கொட்டினார்கள், கவுண்டமணி செந்தில் நகைச்சுவைக்கும் நேரம் ஒதுக்கினார்கள், அதை மட்டும் மன்னிப்பது ஏன் என்று கேட்கிறார்கள். அந்த நகைச்சுவை நடந்த இடம் எது? அதே ஆர்.டி.ஓ. ஆபீஸ். நாம் சிரித்துக்கொண்டே பார்த்த சில்லறைக் கையூட்டுதான் பின்னால் பேருந்தைக் கவிழ்த்தது. தயாரிப்பில் நேர்ந்த துயரங்களைச் சொல்கிறவர்களும் உண்டு. அது உண்மை, மனம் கனக்கிறது. 2020 பிப்ரவரியில் படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சரிந்து மூன்று தொழிலாளத் தோழர்கள் உயிரிழந்தார்கள். கொரோனா வந்தது. படத்தில் நடித்த விவேக் போனார், நெடுமுடி வேணு போனார். முதல் படத்துக்கு வசனம் எழுதிய சுஜாதா அதற்கு வெகு முன்பே, 2008இல் மறைந்துவிட்டார். இத்தனை இழப்பைத் தாங்கி ஒரு படத்தை முடித்தவர்களின் உழைப்பை நான் வணங்குகிறேன். ஆனால் சேனாபதி யாரைக் கொல்கிறார், எதை இழக்கிறார் என்பது திரைக்கதைத் தாளில் முடிவாகிற விஷயம். கிரேனும் கொரோனாவும் அதைத் தீர்மானிக்கவில்லை.

மூன்றாம் பாகம் வரும், பொறுத்திருங்கள் என்கிறார்கள். இரண்டாம் பாகத்தின் கடைசியில் அதன் முன்னோட்டத்தைக் காட்டினார்கள். வெள்ளைக்காரன் காலம், சேனாபதியின் தகப்பனார் வீரம், குதிரைகள், போர்க்களம் எல்லாம் அதில் இருக்கின்றன. நன்றாக எடுக்கட்டும், முதல் நாளே போய்ப் பார்ப்போம். இயக்குநர் ஷங்கரிடம் இந்த மேடையிலிருந்து ஒன்றே ஒன்று கேட்கிறேன்: தாயின் சிதைக்கு முன்னால் நின்ற அந்த அரவிந்தனுக்கும் சேனாபதிக்கும் நடுவில், சண்டையும் பாட்டும் இல்லாமல், ஒரு பத்து நிமிடம் எழுதிக் கொடுங்கள்.