கதவில்லாத கடை



பத்தாம் ஆண்டு விழாவில் 'இலக்கியமும் உணவும்' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். சிறுபாணாற்றுப்படையை எடுத்துக்கொள்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நல்லியக்கோடனின் கிடங்கில் நமக்கு அண்மையிலுள்ள திண்டிவனப் பகுதியே ஆதலின், அந்நூல் நமக்குச் சொந்தமானது என்னும் பெருமிதமும் நம்மிடம் உண்டு. அதற்கு வருவேன். முதலில் ஒரு சீன உணவுக் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிரிக்கிறீர்கள். சிரிப்பவர்களுள் மூவர் அன்றிரவு என்னோடு அங்கு உண்டவர்கள்!

சுத்துக்கேணியில் நம் திங்கள் கூட்டம் நடந்த நாள் அது. கவியரங்கம் வழக்கம்போல் நீண்டுவிட்டது. பசியோடு திரும்பும் வழியில் சாலையோரத்தில் தகரக் கூரை வேய்ந்த கடையொன்று தென்பட்டது. நான்கு நெகிழி மேசைகள். சிவப்பு எழுத்தில் 'சைனீஸ் பாஸ்ட் புட்' என்றொரு பலகை. சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் வேலை முடித்து வந்த இளைஞர்கள் உண்டுகொண்டிருந்தனர். முழுத்தட்டு 80 ரூபாய், அரைத்தட்டும் உண்டு.

அடுப்பின் இரைச்சலைக் கேட்டிருப்பீர்கள். வீட்டு அடுப்பின் தீ சட்டிக்கு அடியில் அடங்கிக் கிடக்கும். இங்கோ அது சட்டியின் விளிம்பையும் கடந்து எழுகிறது. முட்டை, முட்டைக்கோசு, கேரட், வெங்காயத்தாள் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக விழுகின்றன. பிறகு சோறு. அது சூடான சோறன்று. முன்னரே வடித்து ஆறவைத்த சோறு. ஆறிய சோற்றில் ஈரம் வற்றிப் பருக்கை இறுகும். அதனால்தான் அத்தீயில் அது குழையாமல் தனித்தனியாக நிற்கிறது. சூடாக இட்டால் களியாகிவிடும். மிஞ்சிய சோற்றை வீணாக்காமலிருக்கச் சீன இல்லங்கள் கண்ட வழி இது. நம் வீட்டில் நீரூற்றிப் பழையதாக்கினோம். அவர்கள் தீயிலிட்டு வறுத்தார்கள்.

நம் கவிஞர் ஒருவர் தட்டைப் பார்த்து, "இது சீனமும் அன்று, தமிழும் அன்று, வெறும் கலப்படம்" என்றார். நான் தலையசைத்தேன். அதைவிட ஒன்றையும் இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். யாரேனும் மாணவியர் பார்த்துவிடுவார்களோ என்றெண்ணிக் கடைசி மேசையில் சாலைக்கு முதுகு காட்டி அமர்ந்திருந்தேன். முனைவர் பட்டம் பெற்ற தமிழ் விரிவுரையாளர் தகரக் கூரையின்கீழ் நூடுல்சு உண்பதா!

அப்பொழுதுதான் சிறுபாணாற்றுப்படை நினைவுக்கு வந்தது. வறுமையுற்ற பாணனின் இல்லத்தில் குப்பையில் முளைத்த கீரையை உப்பின்றி வேகவைத்து, பிறர் காண நாணி, வாயிலை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்ணும் காட்சி அதில் வருகிறது. இருபது ஆண்டுகளாக அதை வகுப்பில் வறுமையின் சித்திரம் என்றே விளக்கி வந்திருக்கிறேன். அக்கடைக்குக் கதவே இல்லை. உண்டவர்களுள் நாணியவள் நான் ஒருத்திதான்.

சமையற்காரர் டார்ஜிலிங் பக்கத்து நேபாளி இளைஞர். "காரம் கூட்டவா அக்கா?" என்று தமிழிலேயே கேட்டார். "இது உங்கள் ஊர்ச் சாப்பாடா தம்பி?" என்றேன். "எங்க ஊர்ல பருப்பும் சோறும் அக்கா. இது கடைச் சாப்பாடு" என்றார். கடை அடைத்தபின் அவர் உண்பதும் பருப்பும் சோறுமேயாம். சீனத்தை அவர் கண்டதில்லை. சென்னையில் இன்னொரு நேபாளியிடம் கற்ற தொழில் இது.

கலப்படம் என்ற சொல் என்னை உறுத்திக்கொண்டேயிருந்தது. தேடிப் படித்தேன். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆச்சியூ என்னும் சீனர் கல்கத்தாவுக்கு அருகில் கரும்பு பயிரிட்டுச் சர்க்கரை ஆலை வைத்தார். அவர் பெயரால் அவ்வூர் இன்றும் அச்சிப்பூர் எனப்படுகிறது. நம் தென்மாவட்டத்தார் சர்க்கரையைச் சீனி என்பதும், வாணலியைச் சீனச்சட்டி என்பதும் நினைக்கத்தக்கன. கல்கத்தாவில் குடியேறிய ஹக்கா சீனர்கள் தோல் பதனிட்டார்கள், உணவகமும் வைத்தார்கள். நம் நாவுக்கேற்பப் பச்சைமிளகாயும் பூண்டும் கூடின. அந்த மிளகாயும் போர்த்துக்கீசியர் வழி வந்ததே. சிறுபாணன் அதை அறியான். 'மஞ்சூரியன்' என்பதோ கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் 1975இல் பம்பாயில் ஆக்கியது என்பர். மஞ்சூரியாவுக்கும் அதற்கும் பெயரளவே உறவு.

நம் மலைநாட்டிலும் ஒரு கிளை உண்டு. மலாக்கா நீரிணைப் பகுதியிலிருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகள் சிலர், விடுதலைக்குப் பின் நீலகிரியில் நடுவட்டம் பக்கம் தங்கித் தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறி விளைவித்துப் பிழைத்ததை 1909இல் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். அக்குடும்பங்களின் அடுப்பில் என்ன வெந்தது என்பதை யாராவது கவிதையாக எழுதலாம்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு; அதைச் சொல்லாமல் தட்டைப் புகழ்வது முறையாகாது. 1962 போரையடுத்து ஏறத்தாழ 3,000 இந்தியச் சீனர்கள் இராசத்தானத்துத் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பலர் இம்மண்ணிலேயே பிறந்தவர்கள், குழந்தைகளும் இருந்தனர். சிலர் ஆண்டுக்கணக்கில் அங்குக் கிடந்தனர். வெளிவந்தபோது பலருக்கு வீடில்லை, கடையில்லை. கனடாவுக்குப் பெயர்ந்தோர் பலர். அவர்கள் சமைத்த உணவு மட்டும் ஊர் ஊராகப் பரவி, சுத்துக்கேணிச் சாலை வரை வந்து சேர்ந்தது. உண்டவர்கள் நாம். அதைக் கலப்படம் என்றவர்களும் நாம்தாம்.

சில மாதங்கள் கழித்து அக்கடைக்குத் தனியே போனேன். "நீங்க தமிழ் டீச்சர்தானே அக்கா? பலகை எழுதித் தாங்க" என்று சுண்ணக்கட்டியை நீட்டினார். விடைத்தாளில் 'பிரைடு ரைஸ்' என்றெழுதிய மாணவிக்கு அரை மதிப்பெண் குறைத்த கை இது. 'வறுசோறு' என்று எழுதினேன். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். பேருந்துப் பலகைகளைப் பார்த்துக் கற்றாராம். "இது என்ன அக்கா?" என்றார். அருகில் உண்டுகொண்டிருந்த தொழிலாளி ஒருவர் எட்டிப் பார்த்து, "வறுசோறுன்னு போட்டா, ஆறிப்போன சோத்த வறுத்துத் தர்றாங்கன்னு நெனைச்சிடுவாங்கம்மா" என்றார்.

உண்மையும் அதுதானே! சிரித்துக்கொண்டே அழித்துவிட்டு 'பிரைடு ரைஸ்' என்று எழுதினேன். கோழி, முட்டை, காளான் ஆகியவை தமிழிலேயே நின்றன. அவற்றை யாரும் மறுக்கவில்லை. 'சில்லி சிக்கன்' என்பதில் ஒற்று மிகுமா என்று சற்றுத் தயங்கினேன். பிறமொழிச் சொற்கள் இரண்டு புணர்கையில் நம் விதி செல்லுமா என்பது, இங்குள்ள இலக்கணப் புலவர்கள் தீர்க்க வேண்டிய வழக்கு. நான் ஒற்று இட்டேன்.

அன்று அரைத்தட்டு வாங்கி, சாலையைப் பார்த்த முன்மேசையில் அமர்ந்தேன். கடந்து சென்ற பேருந்தின் சன்னலிலிருந்து ஒரு பெண், "அம்மா!" என்று கையசைத்தாள். எந்த ஆண்டு மாணவியோ, முகம் பிடிபடவில்லை. வாயில் சோறு இருந்ததால் நான் கையை மட்டும் அசைத்தேன்.